வாசகர் பட்டியலில் ஒரு பெயர்

நவம்பர் 10, திங்கள்

நேற்றைய திருப்பலியில் நான் தவறான விவிலிய வாசகத்தை வாசித்துவிட்டதாக எங்கள் கோயிலின் பங்கு மக்கள் எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். அதை இங்கே திருத்தி வைக்கிறேன். நான் சொன்னது பொதுக்காலம் முப்பத்திரண்டாம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு, முதல் வாசகம். ஒரு தாயும் ஏழு மகன்களும் வரும் பகுதி. அதில் ஒரு சொல் பிசகவில்லை. நேற்று அந்த ஞாயிறுதான். ஆனால் நவம்பர் ஒன்பது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால், உரோமையிலுள்ள இலாத்தரன் பேராலயத்தின் நேர்ந்தளிப்பு விழா வந்து ஞாயிற்றின் வாசகங்களை ஒதுக்கிவிடும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அப்படி அமையும். அன்று, கோயிலிலிருந்து தண்ணீர் புறப்பட்டு ஓடும் பகுதியை வாசிக்க வேண்டும். நாள்காட்டியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதாம்.

ஆகவே தவறியது வாசகம் அல்ல, நாள். இரண்டும் ஒன்றல்ல.

கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சந்தியாகு மட்டும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாசக நூலைச் சரியான பக்கத்தில் திறந்து, நாடாவை இழுத்துவிட்டு வைத்தவர் அவர்தான். என் முன்னால் தண்ணீர் ஓடும் பகுதி திறந்திருந்தது. நான் நூலைப் பார்த்துக்கொண்டே ஏழு மகன்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்நூறு பேருக்கு அது புரிந்துவிட்டது.

பால் பொங்கி அடுப்பு அணைந்தது. துடைத்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

எனக்குக் கண் போய்விட்டது என்பதும் சரியல்ல. ஓரங்கள் நன்றாகத் தெரிகின்றன. மதில் மேல் காகம் உட்கார்ந்தால் தெரியும். நேராகத் திரும்பிப் பார்த்தால் காகம் இருக்காது. அங்கே ஒரு சாம்பல் வட்டம் இருக்கும். எதைப் பார்க்க விரும்புகிறேனோ அதன்மேல் போய் அந்த வட்டம் உட்கார்ந்துகொள்கிறது. தெருவில் நடக்கலாம், சமைக்கலாம், ஆட்களைப் புடவைக் கரையை வைத்து அறியலாம். எழுத்து மட்டும் முடியாது. இந்தக் குறிப்பைத் தடித்த கறுப்புப் பேனாவால், அளவுகோலை அணைப்பாக வைத்து, பக்கத்துக்கு ஏழு வரியாக எழுதுகிறேன். கோயில் அறிவிப்புப் பலகையில் வாசகர் பட்டியலையும் அப்படித்தான் எழுதி ஒட்டி வந்தேன். “என்னங்கம்மா, தேர்தல் போஸ்டர் மாதிரி எழுதியிருக்கீங்க” என்று சந்தியாகு ஒருமுறை கேட்டார். வயதானவர்கள் படிக்க வேண்டாமா என்றேன்.

முப்பத்தெட்டு ஆண்டுகளாக வாசிக்கிறேன். வாசகங்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வரும். ஒவ்வொன்றையும் பன்னிரண்டு தடவையாவது வாசித்திருக்கிறேன். சனிக்கிழமைதோறும் என் கணவர் தனிஸ்லாஸ் நூலைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் உட்காருவார். நான் தடுமாறினால் நாற்காலிக் கையில் விரலால் தட்டுவார். அவர் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் ஊரின் அத்தனை எண்களையும் மனத்தில் வைத்திருந்தவள் நான். இரண்டு ஆண்டுகளாக நினைவிலிருந்துதான் வாசகம் சொல்கிறேன். யாருக்கும் எந்தக் குறையும் வைக்கவில்லை, நேற்று முன்தினம் வரை.

நவம்பர் 13, வியாழன்

பங்குத்தந்தை கித்தேரியான் வந்தார். காப்பி கொடுத்தேன். டம்ளர் தளும்பாமல் கொடுத்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

“அம்மா, நீங்க கோயிலுக்கு எவ்வளவோ செஞ்சிட்டீங்க. இனி கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கலாமே.”

“எதுக்கு ஃபாதர் ரெஸ்ட்? ஞாயித்துக்கிழமை ஆறு நிமிஷம் நிக்கிறேன். அதுக்கு மேல அலுப்பு ஒண்ணுமில்ல.”

“ஜனங்க ஏதேதோ பேசுறாங்க. உங்க மரியாதைக்காகத்தான் சொல்றேன்.”

“என் மரியாதைய நான் பாத்துக்கிறேன். இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடவா?”

அவர் நல்ல மனிதர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. தலையை ஆட்டினாரா என்று எனக்குத் தெரியவில்லை. சர்க்கரை போட்டுவிட்டேன். குடித்தார்.

நவம்பர் 15, சனி

மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை பினாயில் விற்கும் அமலோற்பவம் வருவாள். எங்கள் பங்குதான். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். முழுக்கக் கண் தெரியாதவள். தோளில் ஒரு பை, கையில் ஒரு கோல். பதினொரு ஆண்டுகளாக என் வாசலுக்கு வருகிறாள்.

“எத்தன பாட்டிலும்மா?”

“ரெண்டு. போன தடவ தண்ணி ஜாஸ்தி.”

“பினாயில்ல தண்ணி இல்லாம எப்புடி டெலிபோனம்மா?” என்று சிரித்தாள். பங்கில் எனக்கு அந்தப் பெயர். பிறகு பையைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: “ஏழு மகன் வாசகத்த அருமையா சொன்னீங்க.”

“கேலி பண்றியா?”

“சத்தியமா இல்லம்மா. நீங்க ரெண்டு வருஷமா புத்தகத்தப் பாக்காமதான சொல்றீங்க.”

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். “யார் சொன்னது?”

“யார் சொல்லணும்? பாத்துப் படிக்கிறவங்க வரி முடியிற எடத்துல மூச்சு வாங்குவாங்க. நீங்களும் முன்னாடி அப்புடித்தான் வாங்குனீங்க. இப்ப விஷயம் முடியிற எடத்துல வாங்குறீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு.”

“ரெண்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லலையா?”

“சொல்லி என்னம்மா ஆகப்போகுது? காய்ச்சல்ல எனக்குப் பார்வ போனப்ப முப்பத்தோரு வயசு. மில்லுல வேல. ஒரு வருஷம் எல்லார்கிட்டயும் தெரியிற மாதிரியே நடிச்சேன். கல்யாண வீட்டுல போயி ஒக்காந்து யாரு சிரிச்சாலும் கூடவே சிரிப்பேன். கடைசியில ஈ கெடந்த கொழம்ப ஊத்தித் திங்கிறப்ப மாமியா கண்டுபிடிச்சிருச்சு. அந்த நடிப்பு இருக்கே, மில்லு வேலயவிட அலுப்பு.”

பாட்டில்களைக் கீழே வைத்து, படிகளை எண்ணாமலே இறங்கிப் போனாள். மூன்றாம் வீட்டு நாய் அவளைப் பார்த்துக் குரைக்கவில்லை. என்னைப் பார்த்துக் குரைக்கும்.

நவம்பர் 17, திங்கள்

பினாயில் நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

மதுரையில் கண் டாக்டர். போனது போனதுதான், ஓரத்தில் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். இளம் பெண். என் கையைப் பிடித்துச் சொன்னார். பிடிக்காமலும் சொல்லியிருக்கலாம்.

பேருந்தில் திண்டுக்கல் திரும்பும்போது மழை. மூன்று நாளாகச் செபமாலை சொல்லவில்லை. மறக்கவில்லை. எனக்கு இஷ்டமில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆண்டவருடைய சொல்லை நான் சுமந்தேன். என் பங்காக அவர் ஒரு சாம்பல் வட்டத்தைக் கொடுத்திருக்கிறார். இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

நவம்பர் 23, ஞாயிறு

கிறிஸ்து அரசர் பெருவிழா. முதல் வாசகத்தை வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் வாசித்தார். பேருந்தைப் பிடிக்கப் போகிறவர் போல வாசித்தார். நான் நான்காம் பெஞ்சில் உட்கார்ந்து அவருக்கு முன்னால் ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு நிறுத்த முயன்றேன். முடியவில்லை.

நவம்பர் 27, வியாழன்

அமலோற்பவத்தின் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்றால், பாட்டில் மூடி ஒன்று சரியில்லை. அதை மாற்றிவர ஆட்டோவில் எண்பது ரூபாய் கொடுத்துப் போனேன்.

மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை. மகள் வேலைக்குப் போயிருந்தாள். அமலோற்பவம் அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு, மடியில் ஒரு பெரிய தடித்த பிரெய்ல் புத்தகத்தை விரித்து விரலால் படித்துக்கொண்டிருந்தாள். ரசம் நுரை கட்டும் சத்தத்துக்குப் படிப்பை நிறுத்தி, அடுப்பை அணைத்து, விரல் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். நான் நிலைப்படியில் நின்று பார்த்தேன். முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் தெரியும். அப்படிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வாசகர்களில் அவ்வளவு நிதானமாக ஒரு பக்கத்தைக் கையாண்டவர் யாருமில்லை.

“மூடிய மாத்த வந்தீங்களாக்கும்” என்றாள். “ஒக்காருங்க. நாற்காலி வலதுகைப் பக்கம்.”

உட்கார்ந்தேன். அவள் ஒருமுறைகூட என் வீட்டில் உட்கார்ந்ததில்லை. நான் சொன்னதில்லை.

“இந்த எழுத்து வேணுமாம்மா?” என்று கேட்டாள்.

எனக்கு எழுபத்தாறு வயது என்றேன்.

“நான் அத கேக்கல.”

முட்டை அட்டையில் ஆறு குழி வரும்படி கத்தரித்து, என் கையில் கொடுத்தாள். பக்கத்துக்கு மூன்று குழி. புளியங்கொட்டைகளைப் போடச் சொன்னாள். ஆறு புள்ளிக்குள் எல்லா எழுத்தும் அடங்கிவிடுமாம். இடப்பக்கம் மேல்குழியில் ஒரே ஒரு கொட்டை போட்டால் அது ‘அ’. அவ்வளவு சுழித்து வளைத்து எழுதிய எழுத்து ஒற்றைப் புள்ளியாக இருந்தது.

மூடியை மாற்ற மறந்துவிட்டோம்.

நவம்பர் 30, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. திருச்சபைக்கு இன்றுதான் புத்தாண்டு. உலகம் முழுவதும் ஜனவரிக்குக் காத்திருக்க, நாம் மட்டும் இந்த மழையிலும் இருட்டிலும் ஆண்டைத் தொடங்கிவிடுகிறோம். முதல் ஆண்டு வாசகங்கள் திரும்ப வந்தன.

ஃபாதர் இருளையும் ஒளியையும் பற்றிப் பிரசங்கம் வைத்தார். கண் தெரியாதவர்களை உதாரணம் காட்டினார். பின் பெஞ்சிலிருந்து அமலோற்பவம் இருமினாள். அது இருமல் அல்ல என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் 3, புதன்

பாடத்துக்காக வாரத்தில் மூன்று நாள் ஆட்டோ. ‘அ’விலிருந்து ‘ஔ’ வரையும் மெய்யெழுத்தில் சிலவும் குழியில் போடத் தெரிகிறது. காகிதத்தில் புள்ளி சரியாகத் தட்டுப்படுவதில்லை. என் விரல் நுனி அடுப்பிலும் தொலைபேசிப் பலகையிலும் காய்ந்துபோனது.

“ஒங்க வெரலு போலீஸ்காரன் மாதிரி நடக்குது. அழுத்தாதீங்க. பச்சப்புள்ள கன்னத்தத் தடவுற மாதிரி போங்க.”

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் புரிந்தது.

இன்று ‘மரம்’ என்று படித்தேன். அவள் எழுதி வைத்தது ‘மாடு’. இரண்டும் ஒன்றல்ல.

டிசம்பர் 6, சனி

மறக்கக்கூடாத நாள். பாடம் முடிந்தபின் அமலோற்பவம் கர்த்தர் பிறப்பின் பகுதியைப் புள்ளி எழுத்தில் வாசித்தாள். நானே கேட்டேன். அந்தப் பகுதியை நான் தூக்கத்தில்கூடச் சொல்லுவேன்.

மெதுவாக வாசித்தாள். விரல் படும்வரை அடுத்த சொல் அவளுக்கு வருவதில்லை. சத்திரத்தில் இடம் இல்லை என்ற இடத்துக்கு முன்னால் அவள் விரல் ஒரு கணம் நின்று புள்ளியைத் தேடியது. அந்த ஒரு கணம், இடம் கிடைத்துவிடும் என்று நான் நினைத்தேன். எழுபத்தாறு வயதில், முதன்முறையாக, கிடைத்துவிடும் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை.

கான்வென்டில் எங்களுக்கு வாசிப்புப் பழக்கிய மதர் பெனடிக்டா, மனப்பாடமாகத் தெரிந்தாலும் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவிட மாட்டார். அது உன்னுடையது அல்ல, அங்கிருந்து எடுத்துக் கொடு என்பார். நான் இரண்டு ஆண்டுகளாக என்னிடமிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் பிசகவில்லை என்று பெருமைப்பட்டேன். அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தது எப்போது என்று எனக்கே நினைவில்லை.

வீட்டுக்கு வந்து செபமாலையை எடுத்தேன். முழுவதும் சொல்லவில்லை. தொடங்கினேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

இந்தக் குறிப்புகளில் அவள் என்று எழுதி வந்திருக்கிறேன். இனி அவர்.

டிசம்பர் 9, செவ்வாய்

கிறிஸ்துமஸுக்குக் கலகலா பலகாரத்துக்கு மாவு பிசைந்தேன். பாதியில் நிறுத்தி இதை எழுதுகிறேன். கையில் மாவு இருக்கிறது.

எனக்கு நினைவு நன்றாக இருக்கிறது. அதுதான் தொல்லை. பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு, அவர் எங்கள் பங்குக்கு வந்த புதிதில், ஞாயிறு திருப்பலி முடிந்து என்னிடம் வந்தார். வாசகர் பட்டியலில் என் பேரையும் சேத்துக்கங்கம்மா என்றார். பட்டியல் போடுவது நான். நான் அவர் கோலைப் பார்த்தேன். “நீ எப்படிம்மா படிப்ப? பின்னாடி ஒக்காந்து கேளு, அதுவும் புண்ணியந்தான்” என்றேன். எப்படிப் படிப்பாய் என்பதை நான் கேள்வியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். பதில் அவர் பையிலேயே இருந்திருக்கும்.

அன்று நான் பார்வை உள்ளவள். பட்டியலில் அப்போது இரண்டு இடம் காலியாக இருந்தது.

கண் தெரியாமல் இரண்டு ஆண்டுகள் அந்த மேடையில் நான் நின்றிருக்கிறேன். படிக்கத் தெரிந்தவரைப் பின் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு.

டிசம்பர் 13, சனி

சொல்லிவிட்டேன். ஆட்டோக்காரர் வெளியே காத்திருக்க, உட்காராமல் நின்றபடியே சொன்னேன்.

அமலோற்பவம் பினாயில் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. “தெரியும்மா. மறக்குற விஷயமா அது? அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஒங்கள நல்லா வஞ்சேன்.”

“வைய வேண்டியதுதான்.”

“அதோட விடல. நான் ஒங்க தெருவுக்கு யாவாரத்துக்கு வர ஆரம்பிச்சப்ப, ஒங்க பாட்டில்ல மட்டும் தண்ணி கூட ஊத்துனேன். அதுக்கு நான் சாமியார்கிட்ட போயி பாவசங்கீர்த்தனமும் செஞ்சேன்.”

“எத்தன மாசம்?”

“ரெண்டு.”

“நாலு. நாலு மாசம் வாசனையே இல்ல. அப்பவே எனக்குத் தெரியும்.”

இருவரும் சிரித்தோம். நான் சிரித்து முடித்தபின்பும் நின்றுகொண்டே இருந்தேன். மன்னிப்பு என்ற சொல்லை மேடையில் எத்தனையோ முறை தெளிவாக உச்சரித்திருக்கிறேன். அங்கே அது வாயில் வர நேரம் பிடித்தது.

“என்ன மன்னிச்சிருங்க அமலோற்பவம்.”

அவர் கையிலிருந்த சீட்டை ஒட்டி முடித்தார். “சரிம்மா” என்றார். அடுத்த பாட்டிலை எடுத்துக்கொண்டு, “எனக்குக் கோவம் போச்சு. ஆனா அந்த ஆச போகல. மேல நின்னு ஒரு தடவ படிக்கணும்னு இன்னும் இருக்கு. அது ஒங்கனால வந்த ஆச. ஒங்க கொரலக் கேட்டுத்தான் இந்தக் கோயில்ல நின்னேன், இல்லேன்னா பக்கத்துப் பங்குக்குப் போயிருப்பேன்” என்றார்.

டிசம்பர் 14, ஞாயிறு

திருப்பலிக்குப் பிறகு ஃபாதரிடம் பேசினேன். கிறிஸ்துமஸ் காலைத் திருப்பலியில் முதல் வாசகத்தை அமலோற்பவம் வாசிக்க வேண்டும் என்றேன்.

“நல்ல யோசனைதாம்மா. ஆனா பெரிய திருநாள். வெளியூர்லேர்ந்து ஜனங்க வருவாங்க. நடுவுல எங்கயாவது நின்னுட்டா அந்தம்மாவுக்குத்தான் கஷ்டம். பாக்கலாம்.”

“நான் நிக்காம சொன்னேன் ஃபாதர். அது தப்பான வாசகம்.”

அது தவறு என்று நான் வாயால் சொன்னதை ஃபாதர் இன்றுதான் கேட்டார். சந்தியாகு பக்கத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர், அடுக்குவதை நிறுத்தினார்.

“பாக்கலாம்மா” என்றார் ஃபாதர் மறுபடியும்.

டிசம்பர் 16, செவ்வாய்

அமலோற்பவம் வீட்டுக்கு வந்தார். என் வரவேற்பறையில், தனிஸ்லாஸ் உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்தேன். கிறிஸ்துமஸ் காலையின் முதல் வாசகத்தை நான் சொல்லச் சொல்ல, அவர் ஆணியால் புள்ளி குத்தினார். நான் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம் என்று சந்தியாகுவை வரவழைத்து, வாசக நூலைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்க்கச் சொன்னேன். ஓர் இடத்தில் நான் ஒரு சொல்லை மாற்றிச் சொல்லியிருந்தேன். எத்தனை ஆண்டுகளாகவோ அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன் போலும்.

“விடுங்கம்மா, கடவுளு கோவிச்சிக்கிற மாட்டாரு” என்றார் சந்தியாகு.

“நான் கோவிச்சிக்குவேன். அழிச்சிட்டுக் குத்துங்க” என்றேன்.

பிறகு அமலோற்பவம் வாசித்தார். நான்கு இடங்களில் நின்றார். நான்கு இடத்திலும் நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சந்தியாகு தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துவிட்டார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இவ்வளவு நேர்த்தியாக ஒருவர் வாசித்து நான் கேட்டதில்லை. இதை எழுதுவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 18, வியாழன்

ஃபாதரிடம் இன்று சேர்ப்பித்த கடிதத்தின் நகல்:

அன்புள்ள ஃபாதர் கித்தேரியான் அவர்களுக்கு,

வாசகர் குழுத் தலைமையிலிருந்து இன்றுமுதல் விலகிக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன ஓய்வுக்காக அல்ல. இரண்டு ஆண்டுகளாக வாசக நூலைப் படிக்க முடியாத நிலையில், படிப்பதுபோல் நின்று நினைவிலிருந்து சொல்லி வந்தேன். அதைப் பங்கிடம் மறைத்தேன். இந்த வரியை நீங்கள் விரும்பினால் அறிவிப்பில் வாசிக்கலாம்.

கிறிஸ்துமஸ் காலைத் திருப்பலியின் முதல் வாசகத்துக்குத் திருமதி அமலோற்பவத்தின் பெயரைக் கேட்கிறேன். பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே அவர் பெயர் கொடுத்தார். தடுத்தவள் நான். வாசகம் புள்ளி எழுத்தில் தயாராகி, சரிபார்க்கப்பட்டுவிட்டது. நடுவில் அவர் நிற்கக்கூடும் என்று சொன்னீர்கள். நிற்பார். அந்த இடங்களில் மக்கள் காத்திருப்பார்கள். திருவருகைக்காலம் முழுவதும் நீங்கள் எங்களைக் காத்திருக்கத்தான் சொல்லி வருகிறீர்கள். மைக்கை நான்கு விரற்கடை தாழ்த்த வேண்டும். வேறு ஏற்பாடு எதுவும் வேண்டாம். கையைப் பிடித்து ஏற்ற வேண்டாம், படிகளை அவர் அறிவார்.

என்னைப் பொறுத்தவரை, நான் இப்போது மெய்யெழுத்துகளில் இருக்கிறேன். ஓர் ஆண்டு ஆகலாம், கூடவும் ஆகலாம். விரல் பழகியதும் பட்டியலின் கடைசியில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளக் கேட்பேன்.

‘பார்க்கலாம்’ என்பது பதில் ஆகாது. ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். தொலைபேசியில் சொல்ல வேண்டாம், சந்தியாகுவிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். உங்கள் பதிலை அமலோற்பவத்திடம் வாசித்துக் காட்டினால் அப்படியே புள்ளியில் குத்தித் தருவார். ஒரு நாள் பிடித்தாலும் நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
யூப்ரேசியா தனிஸ்லாஸ்